ஒரு டன் செயின் பிளாக், நாலு கடப்பாரை, மூடிப்போன ஒரு குகை: வாடகைக் கடை அனுபவம்

காட்பாடியில் நான் சாமான் வாடகைக்கு எடுத்த கடையின் பெயரை இங்கே போடவில்லை. சொல்ல வேண்டிய பாராட்டும் இருக்கிறது, ஆள் காலை உடைத்திருக்கக்கூடிய ஒரு குறையும் இருக்கிறது, குறையைச் சொன்ன பிறகு கடைக்காரர் நடந்துகொண்ட விதமும் இருக்கிறது. பெயரைப் போட்டால் படிக்கிறவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். எப்படியும் இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்: வாசலில் சென்ட்ரிங் பலகை சாத்தியிருக்கும், உள்ளே கிரீஸ் வாடை அடிக்கும், கல்லாவில் ஒரு நீள நோட்டு இருக்கும், ஆதார் நகலும் ஐயாயிரம் முன்பணமும் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இந்தக் கடையில் எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் கொல்லை வள்ளிமலைக்குப் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கல்மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அதன் மேற்கு மூலையில் ஒரு குகை உண்டு. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது மழை வந்தால் ஆடுகளை அதற்குள்தான் ஓட்டி அடைப்பார்கள். ஆடு வளர்ப்பதை விட்ட பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, உன்னிச்செடி ஏறி மூடிக்கொண்டது. அப்புறம் 2021 நவம்பர் மழையில், பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டு ஓடிய நாட்களில், மேலே சரிவில் இருந்த மண்ணும் பாறைகளும் ஒன்றாக இறங்கி வாயை அடைத்துவிட்டன. வெளியில் இருந்து பார்த்தால் அங்கே குகை இருந்ததாகச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பெரியப்பா மட்டும் கையை நீட்டி, "அந்தப் புங்க மரத்துக்கு நேரா" என்பார்.

போன மே மாதம், கத்திரி வெயிலில், அந்தப் புங்க மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது மச்சானின் காலில் ஜில்லென்று காற்றுப் பட்டது. வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில், கல்லிடுக்கிலிருந்து மட்டும் குளிர்ந்த காற்று. பெரியம்மாவிடம் ஊதுவத்தி வாங்கி அந்த இடுக்கில் பிடித்துப் பார்த்தோம், புகை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிடித்தபோது புகை உள்ளே போனது. இதற்குக் காரணம் எளிது. குகைக்குள் ஆண்டு முழுக்க வெப்பம் பெரிதாக ஏறாது, இறங்காது. பகலில் உள்ளே இருக்கிற காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தது, கனமானது, ஆகவே கீழ் வாய் வழியாக வழிந்து வெளியே வரும். இரவில் வெளியே குளிர்ந்துவிட்டால் உள்காற்று லேசாகி மேலே ஏறிப்போகும், அந்த இடத்துக்குக் கீழ் வாயில் காற்று உறிஞ்சப்படும். அதாவது மேலே எங்கேயோ இன்னொரு ஓட்டை இருக்கிறது, உள்ளே இடமும் இருக்கிறது. இந்த ஒரு ஊதுவத்தியை நம்பித்தான் வேலையை ஆரம்பித்தோம்.

ஆளுக்கொரு ஆசை இருந்தது. மச்சானுக்குப் புதையல். எனக்குச் சமணப் படுக்கை, அதாவது சமணத் துறவிகள் படுக்கக் குகைப் பாறையில் வெட்டிய இடம். வட ஆற்காட்டில் பிறந்தவனுக்கு இந்த ஆசை வருவது தப்பில்லை, வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் பெயர் சொல்லும் கல்வெட்டும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. ஆற்காடு தாண்டி விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையில் நந்திவர்ம பல்லவனின் 50-ஆவது ஆட்சியாண்டில் பொன்இயக்கியார் என்கிற சமண இயக்கியின் உருவம் செதுக்கியதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஆம்பூர் பக்கம் அர்மாமலையில் இயற்கையான குகைக்குள்ளேயே மண் செங்கல் சுவர் எழுப்பிக் கூரையில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இது எதுவும் வேண்டாம், அவர்களுக்குச் சுரங்கம்தான். வேலூர்க் கோட்டைக்குச் சுரங்கம் போகிறது என்று சொல்லப்படாத பொந்து எங்கள் பக்கத்தில் கிடையாது. சுண்ணாம்புக்கல் இருக்கிற ஊர்களில் தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்துக் கிலோமீட்டர் கணக்கில் குகை உண்டாக்கும். நம்முடையது கருங்கல், கரையாது. வெடித்து, உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற பாறைகளுக்கு நடுவில் விட்டுப்போன இடைவெளிதான் இங்கே பெரும்பாலும் குகை. கோட்டை வரைக்கும் எங்கே போக, கொல்லையின் எல்லையைத் தாண்டினாலே பெரிது.

எல்லை என்றதும் ஒன்று. கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போய், குகை வாய் எங்கள் நிலத்தில்தான் வருகிறது, வனத்துறைக் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டோம், கிராம நிர்வாக அலுவலரிடமும் சொன்னோம். காப்புக்காட்டில் இப்படித் தோண்டினால் வழக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடமென்றால் சுற்றி 100 மீட்டருக்குள் மண்ணைத் தொடவே கூடாது. மச்சானுக்காக இன்னொன்றையும் சொன்னேன்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கிற பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! அவன் முகம் வாடிவிட்டது.

சரி, கடைக்கு வருகிறேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் பட்டியலை நீட்டினேன்: ஒரு டன் செயின் பிளாக் (கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற சாமான்), அதைத் தொங்கவிட முக்காலி, கடப்பாரை நாலு, இரும்புச் சட்டி ஆறு, பாரத்தைச் சுற்றிக் கட்ட வயர் ரோப் ஸ்லிங் இரண்டு. அவர் பட்டியலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு தம்பி? கெணத்து மோட்டாரா?"

"இல்லைங்க, ஒரு குகை வாய் மூடிப்போச்சு, கல்லை நகர்த்தணும்."

"கல்லு எம்மாம் பெருசு? நீளம், அகலம், ஒசரம் சொல்லு."

குத்துமதிப்பாக மூன்றடி, மூன்றடி, இரண்டடி என்றேன். "பதினெட்டு கன அடி. கன அடிக்கு எழுவத்தஞ்சு கிலோ போடு. ஆயிரத்து முந்நூத்தம்பது கிலோ. ஒரு டன் பிளாக்கை வெச்சுத் தூக்கப் போறியா?" என்று கேட்டார். பேப்பர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னதுதான் இந்த வாடகையில் எனக்குக் கிடைத்த அதிகபட்ச லாபம். சரிவு எந்தப் பக்கம்? மேலே மண் ஈரமா, காய்ந்ததா? மேலே நிற்கிற பாறை எதன்மேல் நிற்கிறது? கல்லைத் தூக்கப் போகிறாயா, இழுக்கப் போகிறாயா? இழுத்தால் எதில் கட்டி இழுப்பாய்? மலைத்தேனீ கூடு எத்தனை தூரத்தில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கல்லில் சம்மட்டி விழுகிற அதிர்ச்சிக்குத் தேனீ கிளம்பினால் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொள் என்றார். போய்ப் பார்த்தோம், மேலே நானூறு அடி தூரத்தில் ஒரு பெரிய அடை தொங்கிக்கொண்டிருந்தது. சம்மட்டி வேலையை வெயில் ஏறுமுன் முடித்துக்கொண்டோம், கூடு இருந்த பக்கம் குப்பையைக்கூட எரிக்கவில்லை.

முக்காலி வேண்டாம் என்றார். சமதளத்தில், கிணற்று மேட்டில் முக்காலி நிற்கும், சரிவில் அதன் கால் வழுக்கும் என்றார். நான்தான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க நிறுத்த முயற்சி செய்து, கால்களுக்குக் குழி தோண்டி, கடைசியில் புங்க மரத்தடியில் படுக்கப் போட்டுவிட்டோம். மூன்று நாள் வாடகை 900 ரூபாய் தண்டம், அவர் அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. "சொன்னேன் இல்ல?" என்று மட்டும் கேட்டார். நியாயம்தான்.

முக்காலிக்குப் பதில் அவராக ஏற்றிவிட்டவை: ஸ்க்ரூ வைத்த இரும்பு முட்டு ஆறு, கையளவு பருமனுள்ள சவுக்குக் கட்டை எட்டு, பலகைத் துண்டுகள், மர ஆப்பு ஒரு சாக்கு. கட்டைக்கும் ஆப்புக்கும் காசு வாங்கவில்லை. இவை இல்லாவிட்டால் இரண்டாம் நாளே வேலையை நிறுத்தியிருப்போம். சரிந்துபோன குகை வாயில் எல்லாரும் செய்கிற தப்பு, காற்று வருகிற இடுக்கிலேயே நேராகக் கடப்பாரையை விடுவது. கீழே தோண்டத் தோண்ட மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும், ஆள் குனிந்திருக்கும்போது முதுகின் மேல் இறங்கும். அவர் சொன்னபடி நாங்கள் மேலே ஆறடி உயரத்தில் தொடங்கினோம். முதலில் உதிரிக்கற்களைக் கீழே தள்ளி, பிறகு மண்ணைப் படிப்படியாக வெட்டி இறக்கி, வாய்க்கு மேலே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு திண்ணை மாதிரிச் செய்துகொண்டு, அதன் பிறகுதான் வாயைத் தொட்டோம். முதல் நாள் முழுக்க குகைப் பக்கமே போகாமல் மேட்டை வெட்டியது மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் திண்ணையில் இரண்டாம் நாள் மாலை ஒரு சட்டி அளவு மண்ணும் தலையளவு கல்லும் தானாக உருண்டு வந்து நின்றன. திண்ணை இல்லையென்றால் அவை எங்கே வந்து நின்றிருக்கும் என்பதை அவனே அளந்து பார்த்துக்கொண்டான்.

கடப்பாரையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நான்கில் மூன்று பழைய சரக்கு, ஐந்தடி, பட்டறையில் காய்ச்சி முனை அடித்துத் தண்ணீரில் தோய்த்தவை. நாலாவது புதிது, பெயிண்ட் அடித்தது, பார்க்க அழகு. பழைய மூன்றும் ஐந்து நாளில் முனை மழுங்கவில்லை. புதியது முதல் நாள் மதியமே வாழைப்பழம் மாதிரி வளையத் தொடங்கியது. வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள், இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். தட்டிப் பார்க்கிற பழக்கம் பாறைக்கும் பொருந்தும். முட்டுக் கொடுத்து நிற்கிற பாறை எது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற பாறை எது என்று கண்ணால் தெரியாது. சுத்தியலால் தட்டினால் கணீர் என்று சத்தம் வருவது கெட்டி, பொத்தென்று சத்தம் வந்தால் பின்னால் பிளவோ இடைவெளியோ இருக்கிறது, அதன் கீழே நிற்கக் கூடாது. ஒவ்வொரு காலையும் வேலை தொடங்குமுன் பெரியப்பா கோயில் மணி அடிக்கிற மாதிரி மேலேயிருந்து ஒவ்வொரு பாறையாகத் தட்டிக்கொண்டே வருவார், பொத்தென்றவற்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்.

இரும்புச் சட்டி பரவாயில்லை, ஆறில் ஒன்றுக்கு அடியில் ஓட்டை. ஸ்லிங் நன்றாக இருந்தது, இழை எதுவும் பிரியவில்லை.

இப்போது செயின் பிளாக்.

இரண்டாம் நாள் காலை. வாயை அடைத்திருந்த முதல் பாறையைச் சுற்றி மண் எடுத்துவிட்டோம். எடுத்த பிறகுதான் தெரிந்தது, நான் கடையில் சொன்ன அளவு வெளியே தெரிந்த பாகத்துக்கு மட்டும்தான், இன்னொரு பங்கு மண்ணுக்குள் இருந்தது. இது என் தப்பு, அவருடையது இல்லை. பாறைக்குக் கீழே சவுக்குக் கட்டைகளை உருளையாகக் கொடுத்து, எதிரே இருபதடி தூரத்தில் மலையோடு மலையாக இருக்கிற ஒரு பாறையில் ஸ்லிங்கைச் சுற்றி, செயின் பிளாக்கைப் படுக்கை வாக்கில் மாட்டி இழுத்தோம். பாறை ஒரு அடி உயர விளிம்பில் ஏறித்தான் வெளியே வர வேண்டும். அழகாக வந்தது. செயினை இழுக்க இழுக்க ஒரு இஞ்ச், ஒரு இஞ்ச் என்று நகர்ந்தது, பக்கத்தில் பெரியப்பா ஆப்பு வைத்துக்கொண்டே வந்தார். விளிம்புக்கு வந்ததும் மூச்சு வாங்க நாங்கள் கையை எடுத்தோம்.

செயின் பிளாக் என்றால் கையை எடுத்தால் நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தச் சாமான். உள்ளே உராய்வுத் தட்டுகளும் ஒரு பல் சக்கரமும் அதைப் பிடிக்கிற நாக்கும் இருக்கும். பாரம் இழுக்கிற இழுப்பிலேயே தட்டுகள் இறுகிக்கொள்ளும், எவ்வளவு பாரமோ அவ்வளவு இறுக்கம். எங்களுடையது நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், ஒரு நொடிக்கு ஒரு விரற்கடை வீதம், செயின் திரும்பப் போனது. பாறை பின்னால் சரிந்து, ஆப்பைத் தெறிக்கவிட்டு, அரையடி இறங்கி, வளைந்துகொண்டிருந்த அந்தப் புதுக் கடப்பாரையின் மேல் உட்கார்ந்தது. கடப்பாரை முழுதாக மடங்கிவிட்டது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் முன்புவரை மச்சானின் வலது கால் இருந்தது. இழுக்கும்போது செயினுக்கு நேர் வரிசையிலும் பாறைக்குக் கீழ்ப்பக்கத்திலும் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார், அதனால்தான் அவன் விலகியிருந்தான். சாமான் கைவிட்டது, அதைக் கொடுத்தவருடைய பேச்சு காப்பாற்றியது. இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாரம் அதிகமானதால் வழுக்கியதோ என்று சந்தேகம் வந்தது. புங்க மரக் கிளையில் பிளாக்கைத் தொங்கவிட்டு ஐம்பது கிலோ மணல் மூட்டை ஒன்றைத் தூக்கிக் கையை விட்டோம். மூட்டையும் மெதுவாக இறங்கியது. ஒரு டன் தாங்குகிற சாமான் ஐம்பது கிலோவைப் பிடிக்கவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டு அன்று மாலையே வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன், போகிற வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பேச வேண்டிய அவசியம் வரவில்லை. வீடியோவை ஒரு முறை பார்த்தார், பிளாக்கின் மூடியைக் கழற்றினார், தட்டில் விரலை வைத்துத் தேய்த்து எனக்குக் காட்டினார். விரல் முழுக்கக் கிரீஸ். செயினுக்கு எண்ணெய் போடச் சொன்னால் கடைப் பையன் மூடியைத் திறந்து உராய்வுத் தட்டுக்கும் சேர்த்துப் பூசியிருக்கிறான். சைக்கிள் ரிம்மில் எண்ணெய் விட்டால் பிரேக் எப்படிப் பிடிக்கும்? அப்படித்தான் இதுவும். பையனைக் கூப்பிட்டுத் திட்டியதை இங்கே எழுத முடியாது. என்னிடம், "தப்பு என்னுது தம்பி, கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் மாட்டிப் பாத்திருக்கணும்" என்றார். பிளாக்கின் மூன்று நாள் வாடகை 750 ரூபாயை நோட்டில் அடித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு இரண்டு டன் பிளாக் ஒன்றை எடுத்து என் கண்ணெதிரே அரை மூட்டை, ஒரு மூட்டை, நாலு மூட்டை சிமெண்ட் என்று ஏற்றி நிறுத்திக் காட்டினார். வளைந்த கடப்பாரைக்கு 300 ரூபாய் பிடித்துக்கொண்டதும் உண்மை. அது எனக்கு ஒப்பவில்லை, அவருடைய பிளாக் வழுக்கித்தானே அது மடங்கியது? கேட்டேன். "அது வளையறதுக்கு உங்காளு வேற முறையில நெம்பியிருக்கான், மதியமே வளைஞ்சுதுன்னு நீயே சொன்ன" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் வேலை ஒழுங்காக நடந்தது. இரண்டு டன் பிளாக்கில் முதல் பாறை அரை மணி நேரத்தில் வெளியே வந்து கொல்லைக்குக் கரைக்கல்லாகிவிட்டது. அதன் பின்னால் ஒரு பலகைப் பாறை படுத்திருந்தது, ஆறடி, நாலடி, இரண்டடி. இப்போது எனக்கே கணக்கு வந்துவிட்டது, மூன்றரை டன்னுக்கு மேல். வெடி வைக்க உரிமம் வேண்டும், வைத்தாலும் மேலே முட்டுக் கொடுத்து நிற்கிற பாறைகள் குலுங்கும். அதற்குச் சத்தமில்லாமல் கல்லைப் பிளக்கிற பவுடர் இருக்கிறது, அதையும் கடைக்காரர்தான் சொன்னார், டிரில்லும் ஜெனரேட்டரும் ஒரு நாள் வாடகை 1,800. சுட்ட சுண்ணாம்பு சேர்ந்த பவுடர்தான். தண்ணீரில் கலந்து துளையில் ஊற்றினால் சுண்ணாம்பு நீரேறி ஊதும், ஊதுகிற நெருக்கத்தில் கல் பிளக்கும். ஒரு அடிக்கு ஒன்றாக வரிசையாகத் துளை போட்டு, சாயங்காலம் ஊற்றிவிட்டு வந்துவிட்டோம். வெயிலில் ஊற்றக் கூடாது, வெப்பத்துக்கு ஏற்ற ரகம் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கலவை சூடேறித் துப்பாக்கி மாதிரித் துளையிலிருந்து பீறிட்டு அடிக்கும். ஊற்றிய பிறகு துளைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. காலையில் போய்ப் பார்த்தால் பாறை பிட்டு மாதிரி நேர்கோட்டில் நாலாகப் பிளந்திருந்தது. அந்தக் காலத்தில் உளியால் குழி போட்டு, காய்ந்த மர ஆப்பை அடித்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுப் பிளப்பார்கள் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தார். வேலை அதேதான், ஊதுகிற பொருள் மாறியிருக்கிறது.

வாய் திறந்ததும் உடனே நுழையவில்லை. மண்ணில் இரண்டு முள்ளம்பன்றி முட்கள் கிடைத்திருந்தன. இருந்தால் அதைத் தொந்தரவு செய்ய நமக்கு உரிமை இல்லை, அது நம்மைச் செய்தால் தாங்கவும் முடியாது. பெரியம்மா சொன்ன உபாயம்: இரவு வாயெங்கும் கோலமாவைத் தூவிவிட்டு வந்தோம். காலையில் பார்த்தால் ஒரு பல்லியின் வால் இழுத்த கோடு, ஏதோ பூச்சியின் தையல் மாதிரித் தடம், அவ்வளவுதான். ஊதுவத்திப் புகை உள்ளே ஒரே சீராக ஓடியது, காற்றோட்டம் இருக்கிறது. ஆனாலும் தலை விளக்கு, தலைக்கவசம், இடுப்பில் கயிறு, வெளியே கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தர், மூக்குக்கு என்95 முகக்கவசம். முகக்கவசம் கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சியது. காய்ந்த வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம். பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கிற மாதிரி விளக்கை மட்டும் நம்பி இறங்குவது போதாது, விளக்கு எரிகிற காற்றிலும் ஆளுக்கு மயக்கம் வர வாய்ப்பு உண்டு. (தலை விளக்கு ஆன்லைனில் வாங்கியது. ஆயிரம் லூமன் என்று போட்டிருந்தார்கள். மாமியார் வீட்டுச் சிம்னி விளக்கு இதைவிட வெளிச்சம். அதற்குத் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.)

உள்ளே நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். கூரையில் புகைக்கரி. தரைப் பாறையில் மாவு இடிக்கிற மாதிரி ஒரு குழி. படுக்கை இல்லை, எழுத்து இல்லை, ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன், சாய்ந்த வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்து தெரியும். ஏதாவது தெரிந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்தில் போய்ச் சொல்லுவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். மச்சானின் புதையல் கிடைத்தது, ஆனால் பெரியப்பாவுக்கு: தரை முழுக்க ஆட்டுப் புழுக்கை, முப்பது வருடம் மக்கி, காய்ந்து, காபித்தூள் மாதிரி. பதினோரு மூட்டை. அத்தனையும் முள்ளுக் கத்திரிக்குப் போட்டுவிட்டார். கலெக்டருக்கு எழுத வேண்டுமா என்று மச்சான் கேட்டான், மூட்டை பத்து ரூபாய்க்கு மேலே போகும் இல்லையா.

கடைசி நாள் மதியம் பெரியம்மா கேழ்வரகுக் களியும் அந்தக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள், குகை வாயில் அந்தக் குளிர்ந்த காற்றுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வாய்க்கு மேலே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டோம், இல்லையென்றால் வருகிற ஐப்பசியிலேயே திரும்ப மூடிக்கொள்ளும். இரும்பு முட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், அவை நின்ற இடத்தில் பிளந்த கல்லையே அடுக்கித் தூண் கட்டினோம்.

கணக்கு இது: இரண்டு வாரமும் சேர்த்து மொத்த வாடகை 5,900. அதில் 750 கழிவு, கடப்பாரைக்கு 300 கூட. கடைசியில் கொடுத்தது 5,450, பவுடர் தனி. கடைக்கு ஐந்துக்கு மூன்றரை. சாமானுக்கு மட்டும் என்றால் இரண்டரைதான், பிரேக்கில் கிரீஸ் பூசிய பிளாக்கை வெளியே அனுப்பிய கடைக்கு அதற்கு மேல் மனசு வராது. கடைக்காரருடைய அந்த அரை மணி நேரக் கேள்விகளுக்குத்தான் மீதி ஒன்று. நீங்கள் எந்தக் கடையில் எடுத்தாலும், கடை வாசலிலேயே ஒரு மூட்டையைத் தூக்கிக் கையை விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முன்பணத்தை வாங்கும்போது, உள்ளே என்ன இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. "பின்னாடி காத்து எங்கிருந்து வருது, பாத்தியா?" என்றார். கோடியில், வௌவால்கள் தொங்குகிற இடத்துக்குக் கீழே, தலை மட்டும் நுழைகிற மாதிரி ஒரு பிளவு இருக்கிறது, அதற்கு அப்பால் கல்லைப் போட்டால் மூன்று தடவை சத்தம் கேட்கிறது என்றேன். வௌவால் குட்டி போட்டிருக்கும் காலமாக இருக்கும், இப்போது போகாதே, பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே நீள நோட்டைப் புரட்டி, தை மாதப் பக்கத்தில் இரண்டு டன் பிளாக்குக்கு நேரே என் பெயரை எழுதிவிட்டார், நான் கேட்காமலே. முக்காலி மட்டும் எழுதவில்லை.